‘வால்வு லீக்’ கிடக்கட்டும், அந்த 11 மி.மீ.யைக் கவனியுங்கள்

கேள்வி: எனக்கு வயது 46. போன மாதம் மாஸ்டர் ஹெல்த் செக்கப் செய்துகொண்டேன். எக்கோ (இதய ஸ்கேன்) ரிப்போர்ட்டில் ‘டிரிவியல் எம்.ஆர்., டிரிவியல் டி.ஆர்.’ என்றும், இ.எஃப். 64 சதவீதம் என்றும் போட்டிருக்கிறார்கள். ‘ஐ.ஏ.எஸ். இன்டாக்ட்’, ‘ஐ.வி.எஸ். 11 மி.மீ.’ என்று வேறு என்னென்னவோ இருக்கிறது. அன்றைக்கு பி.பி. 148/94, டென்ஷனாக இருக்கும் என்றார் நர்ஸ். எதிர்வீட்டு அக்கா, “வால்வு லீக்கா? ஆபரேஷன் வரைக்கும் போகுமே” என்கிறார். இதயம் 64 மார்க்தானே வாங்கியிருக்கிறது என்றும் பயம். வாக்கிங்கை நிறுத்திவிட்டேன். மாடிப்படி ஏறவே கால் வரவில்லை. என்ன செய்வது?
– வாசகி, கொளத்தூர், சென்னை

பதில்: நடக்கும்போது நெஞ்சை அழுத்துவதோ மூச்சு வாங்குவதோ இதுவரை இல்லையென்றால், நாளைக் காலையே வாக்கிங்கை ஆரம்பித்துவிடுங்கள். மாடியும் ஏறலாம். எதிர்வீட்டு அக்கா சொன்னதை நான் ஏன் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்று புரியவைக்க எனக்கு ஓர் ஆட்டு இதயம் வேண்டும். (சைவம் என்றால் மன்னியுங்கள், மனதுக்குள் வைத்துப் பாருங்கள்.)

ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் இதயத்தைக் கீறாமல் முழுசாகத் தரச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் கடைக்காரர் பழக்க தோஷத்தில் நாலாகப் போட்டுவிடுவார். ஆடு, மாடு, பன்றி, மனிதன் என்று பாலூட்டிகள் எல்லாவற்றுக்கும் இதயத்தின் அமைப்பு அடிப்படையில் ஒன்றுதான். மேலே இரண்டு அறை, கீழே இரண்டு அறை, நான்கு வால்வு. பன்றியின் வால்வைப் பதப்படுத்தி மனிதருக்கே பொருத்துகிறோம் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

கழுவிவிட்டுக் கட்டைவிரலால் அழுத்துங்கள். ஒரு பக்கம் காலிப் பை மாதிரி அமுங்கும். அது வலது கீழறை. இன்னொரு பக்கம் கெட்டியாக நிற்கும், அது இடது. வலது அறை பக்கத்திலேயே இருக்கும் நுரையீரலுக்குத்தான் ரத்தத்தைத் தள்ளுகிறது. அதற்கு 25 அளவு அழுத்தம் போதும். இடது அறையோ உச்சந்தலையிலிருந்து கால் நுனிவரை அனுப்பியாக வேண்டும், 120 வரை அழுத்தம் தேவை. உழைப்புக்கு ஏற்ற தடிமன். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பவும் இங்கே வருவேன்.

மேலே வெள்ளையாக, வெட்டிய ரப்பர் குழாய் போல நிற்பது மகாதமனி, இடது கீழறையிலிருந்து ரத்தம் வெளியேறும் பெரிய குழாய். குழாயடியில் அதை நிமிர்த்திப் பிடித்து மெல்லத் தண்ணீர் விடுங்கள். தண்ணீர் இறங்காமல் தேங்கும். உள்ளே மூன்று குட்டிப் பைகள் உப்பி, ஒன்றோடொன்று முட்டி வழியை அடைத்திருக்கும். கொஞ்ச நேரத்தில் மட்டம் இறங்கினால் வால்வு கெட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள். பைகளை ஒட்டியே இரண்டு சின்னத் துளைகள் இருக்கின்றன. இதயத்துக்கே ரத்தம் கொண்டுபோகும் கரோனரி குழாய்களின் வாய்கள் அவை. எந்தக் குழாயில் அடைப்பு வந்தால் மாரடைப்போ, அதன் தொடக்கத்தைத்தான் பார்க்கிறீர்கள்.

இனி கெட்டியான பக்கத்தை மேலிருந்து கீழாகக் கீறுங்கள். நனைந்த சருகு போல இரண்டு மெல்லிய இதழ்கள். அவற்றின் ஓரத்திலிருந்து வெள்ளை நூல்கள் இறங்கி, கீழே இரண்டு சதைமேடுகளில் ஊன்றியிருக்கும். இதுதான் மைட்ரல் வால்வு, உங்கள் ரிப்போர்ட்டின் ‘எம்.’. ‘ஆர்.’ என்றால் பின்னோக்கிய கசிவு. சாந்தோமில் திருவிழா அன்று பிஷப் தலையில் இரட்டைக் கூர்த் தொப்பியைப் பார்த்திருப்பீர்களே, அதன் சாயலால் வந்த பெயர்தான் மைட்ரல். ஒரு நூலைச் சுண்டிப் பாருங்கள், அறுக்க முடியாத அளவுக்கு உறுதி. டிசம்பர் புயல் காற்றில் குடை திருப்பிக்கொள்வது போல இதழ்கள் மேலறைக்குள் புரண்டுவிடாமல் இந்த நூல்கள்தான் இழுத்துப் பிடிக்கின்றன.

நிமிடத்துக்கு 70 துடிப்பு என்றால் ஒரு நாளைக்கு லட்சம் தடவை மூடித் திறக்கும் இதழ்கள் இவை. மூடுகிற கணத்தில் துளி ரத்தம் பின்னால் நழுவலாம். எக்கோவில் ரத்த ஓட்டத்தை நிறமாகக் காட்டும் கலர் டாப்ளர் அந்தத் துளியையும் காட்டிக்கொடுத்துவிடும். அதைத்தான் ‘டிரிவியல்’, அதாவது இம்மியளவு என்று எழுதியிருக்கிறார்கள். டி.ஆர். என்பது வலப்பக்க மூவிதழ் வால்வில் இதே கதை. நல்ல ஆரோக்கியத்தோடு இருப்பவர்களிடமும் சர்வசாதாரணம். ஆபரேஷன் பேச்சு கடுமையான கசிவில் வருவது. ஒன்று மட்டும்: சிறுவயதில் காய்ச்சலோடு மூட்டு மூட்டாக வீங்கியதுண்டா? உண்டென்றால் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். நம் நாட்டில் வால்வைக் கெடுப்பதில் அந்த ருமாட்டிக் காய்ச்சலுக்குப் பெரிய பங்கு.

இ.எஃப். 64 என்பது மார்க் இல்லை. இடது கீழறையில் 110 மி.லி. ரத்தம் நிறைந்து, ஒரு துடிப்பில் 70 மி.லி. வெளியேறினால் அதுதான் 64 சதவீதம். யாருக்கும் நூறு வராது. 55 முதல் 70 வரை நல்ல கணக்கு. ‘ஐ.ஏ.எஸ்.’ கலெக்டர் படிப்பும் இல்லை. மேலறைகளுக்கு நடுவிலுள்ள தடுப்பு. அதில் ஓட்டை இல்லை என்கிறார்கள்.

இப்போது ஐ.வி.எஸ். இது கீழறைகளுக்கு நடுவிலுள்ள சுவர். பெண்களுக்கு 9 மி.மீ. வரை சரி. உங்களுக்கு 11. அளப்பவர் கையைப் பொறுத்து ஒரு மி.மீ. முன்னே பின்னே வரலாம்தான். ஆனால் பக்கத்திலேயே 148/94 நிற்கும்போது என்னால் அப்படித் தள்ளிவிட முடியவில்லை. பி.பி. கூடினால் இடது கீழறை வருடக்கணக்கில் அதிக பாரத்தை எதிர்த்துத் தள்ளுகிறது, சுவர் தடிக்கிறது. கர்லாக்கட்டை சுற்றிப் புஜம் பெருத்தால் அழகு. இதயச் சுவர் பெருத்தால் விறைத்துப்போகும். விரிந்து ரத்தத்தை வாங்கிக்கொள்ளத் திணறும். நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்த ஒரு வரிதான் எனக்கு உறுத்துகிறது.

டென்ஷனா இல்லையா என்று வீட்டிலேயே தெரிந்துகொள்ளலாம். மேல்கையில் சுற்றும் பி.பி. மிஷின் வாங்குங்கள், மணிக்கட்டு மிஷின் வேண்டாம். அடுப்படியிலிருந்து வந்த சூட்டோடும், காபி குடித்த உடனேயும் பார்க்காதீர்கள். முதுகு சாய்த்து, பாதம் தரையில் பதிய ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு, காலையில் இரண்டு தடவை, மாலையில் இரண்டு தடவை, ஏழு நாள். முதல் நாளை விட்டுவிட்டுச் சராசரி போடுங்கள். 135/85 அல்லது அதற்கு மேல் என்றால் அந்தத் தாளோடு ஒரு பொது மருத்துவரைப் பாருங்கள். கிரியேட்டினின், பொட்டாசியம், சிறுநீர்ப் பரிசோதனை, இ.சி.ஜி. பார்த்து மாத்திரை வேண்டுமா என்று அவர் முடிவு செய்வார். குறைவாக இருந்தாலும் அந்த 11 மி.மீ.க்காக எக்கோவை ஒரு தடவை காட்டிவிடுங்கள். வால்வுக்காக ஆறு மாதத்துக்கொரு எக்கோ தேவையில்லை.

உப்பைக் குறையுங்கள். ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றும் ஒரே தட்டில் வரும் வீடுகள் நம் ஊரில் ஏராளம். அந்த ஆட்டு இதயத்தையும் வீணாக்க வேண்டாம், மிளகு வறுவல் பிரமாதமாக இருக்கும். உப்பு மட்டும் பார்த்துப் போடுங்கள்.