வாயில் மாட்டும் மௌஸ்: பேச்சு குழறுமா?

கேள்வி: விபத்தில் கழுத்துத் தண்டுவடம் அடிபட்டு என் தம்பிக்குக் கை, கால் அசைவதில்லை. பேச்சு தெளிவாக இருக்கிறது. ஆன்லைனில் கணக்கு டியூஷன் எடுக்கிறான். 'மௌத்பேட்' போல நாக்கால் இயக்கும் மௌஸ் வாங்கித் தரலாமா? பேச்சு கெட்டுவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: முதலில் கொஞ்சம் குழறும். பெரும்பாலானவர்களுக்குப் பழகப் பழகச் சரியாகிவிடும்.

இந்தக் கருவி மேலண்ணத்தில் ஒட்டி உட்காரும் ஒரு தகடு. ட, ண, ள சொல்ல நாக்கு நுனி மடங்கித் தொடுகிற இடமும் அதுதான். 'ச' சொல்ல, நாக்குக்கும் அண்ணத்துக்கும் நடுவிலுள்ள இடுக்கில் காற்று சீறி வர வேண்டும். தகட்டின் தடிமன் அந்த இடுக்கை மாற்றிவிடுகிறது. ப, ம உதட்டில் பிறப்பதால் தப்பித்துவிடும். புதிதில் எச்சில் வேறு அதிகம் ஊறும்.

நாக்கை அசைக்கும் நரம்பு மூளையிலிருந்து நேராக வருகிறது, கழுத்துத் தண்டுவடம் வழியாக அல்ல. அதனால் தம்பியின் நாக்குக்குப் பலம் குறைந்திருக்காது. தினமும் சத்தமாக ஏழாம் வாய்ப்பாடு சொல்லட்டும். 'ழ' தானாகப் படியும். பக்கவாதத்திலோ, தசைகளை இயக்கும் நரம்புகள் சிதையும் ஏஎல்எஸ் நோயிலோ நாக்கே தளர்ந்தவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவர்கள் பேச்சுப் பயிற்சியாளரைப் பார்க்காமல் வாங்கவே கூடாது.

குரல் மெலிவதும், பாதி வாக்கியத்தில் மூச்சு வாங்குவதும் மார்பு, வயிற்றுத் தசைகள் தளர்ந்ததால் வருபவை. அந்தப் பழியைக் கருவிமேல் போடாதீர்கள். நல்ல மைக் ஒன்று போதும்.

எனக்கு உண்மையில் கவலை தருவது வேறு. பாடம் நடத்தும்போது நாக்கு தகட்டில் பட்டு கர்சர் ஓடும், வேண்டாததைக் கிளிக் செய்யும். பேசும்போது கருவியை நிறுத்தி வைக்க வழி உண்டா, அதைத் தம்பியே நாக்கால் செய்ய முடியுமா என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். கழற்ற வேண்டுமென்றால் இன்னொருவர் கை வேண்டுமே. சாப்பாட்டுக்கு எப்படியும் கழற்றத்தான் வேண்டும்.

விசைகளைத் தட்ட வாயில் கவ்வும் குச்சி, உறிஞ்சியும் ஊதியும் கிளிக் செய்யும் குழாய் ஆகியவை விலை குறைவு. ஆனால் அவை வாயில் இருக்கும் வரை பேச முடியாது, ஆசிரியருக்கு ஒத்துவராது.

வாங்குமுன் ஒன்று செய்யுங்கள். ஏறக்குறைய அதே தடிமனில் வெறும் அக்ரிலிக் தகடு ஒன்றைப் பல் மருத்துவரிடம் செய்து வாங்கி, ஒரு வாரம் மாட்டிக்கொண்டு வகுப்பு எடுக்கச் சொல்லுங்கள். "என்ன சார் சொன்னீங்க?" என்று பிள்ளைகள் எத்தனை முறை கேட்கிறார்கள் என்று பாருங்கள்.