19ஆம் நூற்றாண்டுக் குடும்பப் படங்களில் யாரும் யாரையும் பார்ப்பதில்லையே, அப்போது பாசமே இல்லையா?

பாசம் இருந்திருக்கும். படத்தில் அது ஏன் தெரியவில்லை என்பதற்குக் காரணம் படத்துக்குப் படம் மாறும்.

தஞ்சாவூர், திருச்சி ஓவியர்கள் வெள்ளைக்காரர்களுக்கு வரைந்து கொடுத்த ஜோடிப் படங்களைப் பாருங்கள். புருஷனும் பெண்டாட்டியும் தொழில் கருவியோடு பக்கத்தில் பக்கத்தில் நிற்பார்கள், முகத்தில் ஒன்றும் இருக்காது. வாங்கியவருக்கு வேண்டியது சாதி, தொழில், உடை. அவர்களுக்குள் என்ன பேச்சு என்று யாரும் கேட்கவில்லை. ஓவியர் மேல் தப்பில்லை.

பிரெஞ்சு ஓவியர் எட்கார் டெகாவின் ‘பெல்லெலி குடும்பம்’ அப்படி இல்லை. அந்த விலகலைத்தான் அவர் வரைந்தார். 1858-ல் இத்தாலியின் புளோரன்ஸில் தன் அத்தை லாரா வீட்டில் தங்கியபோது தொடங்கியது. ஆட்களைத் தாளில் திரும்பத் திரும்ப வரைந்து பார்த்து, பல வருஷம் கழித்துத்தான் முடித்தார்.

அதைப் பார்த்து ஒருமுறை தண்டையார்பேட்டை வீட்டு மொட்டை மாடியில் உட்கார்ந்து பென்சிலில் வரைந்தேன். டெகாவின் அத்தை கறுப்பு உடையில் நிமிர்ந்து நிற்கிறார், பார்வை எங்கோ. ஒரு கை மூத்தவள் ஜொவான்னாவின் தோளில். சின்னவள் ஜூலியா நடுவில், ஒரு காலை மடக்கிப் பாவாடைக்குள் வைத்தபடி. மாமா ஜென்னாரோ வலது ஓரம், நமக்கு முதுகைக் காட்டி. நாலு பேரில் ஒருவர் கண்ணை ஒருவர் சந்திக்கவில்லை. மேசைக்காலை வரையும்போதுதான் கவனித்தேன், அந்த நேர்க்கோடு மாமாவை மற்ற மூவரிடமிருந்து பிரித்து வைக்கிறது. அந்தக் கல்யாணம் சந்தோஷமானதில்லை என்று படித்திருந்தேன். அதனால் அத்தை முகத்தை வெறுப்பாகவே வரைந்துகொண்டிருந்தேன்.

துணி எடுக்க வந்த அம்மா எட்டிப் பார்த்து, “யார் செத்தது?” என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் எதுவும் சொல்லவே இல்லை. லாராவின் அப்பா, அதாவது டெகாவின் தாத்தா, அந்த வருஷம்தான் இறந்திருந்தார். சிவப்புச் சாக்பீஸில் வரைந்த அவருடைய படம் ஓவியத்தின் பின்சுவரில் தொங்குகிறது.

“உங்க தாத்தா போனப்ப நானும் மூணு மாசம் இப்படித்தான் நின்னேன். உங்க அப்பா மேல கோவமெல்லாம் ஒண்ணும் இல்ல” என்று சொல்லிவிட்டுத் துணியை மடித்தார்.

தாத்தா போனபோது எனக்கு 11 வயசு. அம்மாவுக்கும் அப்பாவுக்கும் சண்டை என்றுதான் இத்தனை வருஷம் நினைத்திருந்தேன்.