கடைச் சாப்பாடா, வீட்டுச் சோறா? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நானும் என் கணவரும் வேலைக்குப் போகிறோம். பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் இருவர். வாரத்தில் நான்கு நாள் இரவுச் சாப்பாட்டை வெளியிலேயே முடித்துக்கொள்கிறோம். "கோழி, தேங்காய்ப்பால், எரிவாயு, உன் நேரம் என்று எல்லாவற்றையும் கூட்டினால் இரண்டும் ஒன்றுதான்" என்கிறார் கணவர். மாமியாரோ, "சம்பாதிப்பதைக் கடையில் கொண்டுபோய்க் கொட்டுகிறீர்கள்" என்று குறைபடுகிறார். யார் சொல்வது சரி?
– வாசகி, செந்தூல், கோலாலம்பூர்

பதில்: கணக்கு உங்கள் மாமியார் பக்கமே சாய்கிறது, சகோதரி. ஆனாலும் கணவர் சொல்வதிலும் ஒரு நியாயம் இருப்பதால், தாளில் போட்டே பார்த்துவிடுவோம்.

போன ஞாயிற்றுக்கிழமை என் வீட்டில் சமைத்ததை எடுத்துக்கொள்கிறேன். நாங்களும் நான்கு பேர்தான். சந்தையில் வெட்டி வாங்கிய ஒன்றரைக் கிலோவுக்குச் சற்றுக் கூடுதலான கோழிக்கு 16 வெள்ளி (ரிங்கிட்). தேங்காய்ப்பால், வெங்காயம், உருளைக்கிழங்கு, கறித்தூள் வகையறாவுக்கு 6 வெள்ளி. இரண்டு கட்டு கங்கோங் கீரைக்கு 4 வெள்ளி. பருப்புக்கும் ரசத்துக்கும் 3 வெள்ளி. எண்ணெய்க்கு 1 வெள்ளி. கிலோ 4 வெள்ளிக்கு வாங்கிய இறக்குமதி அரிசியில் இரண்டு வேளைக்கு முக்கால் கிலோ போட்டோம். அது 3 வெள்ளி. 14 கிலோ எரிவாயு உருளை 26 வெள்ளி 60 சென்னுக்கு வாங்கினால் எங்களுக்கு இரண்டு மாதம் தாங்குவதால், ஒரு நாள் அடுப்பு எரிய 45 சென் போதும். மொத்தம் 33 வெள்ளி 45 சென். மதியமும் இரவும் சேர்த்து எட்டுத் தட்டு சாப்பிட்டோம் என்றால், தட்டுக்கு 4 வெள்ளி 20 சென்னுக்குள் அடங்கிவிட்டது.

சோறு, ஒரு துண்டுக் கோழி, கொஞ்சம் கீரை, பருப்பு என்று இதே சாப்பாட்டை என் தாமானில் மின்விசிறி மட்டும் சுழலும் சாதாரணக் கடையில் எடுத்தால், தலைக்கு 10 வெள்ளிக்குக் குறைவதில்லை. பிரிக்பீல்ட்ஸில் வாழை இலை விரித்து உட்கார்ந்தால் சைவச் சாப்பாடே அந்த விலையைத் தொட்டுவிடுகிறது. கோழி வறுவலும் மீன் துண்டும் தனிக்கணக்கு. நாம் நாற்காலியை இழுக்கும் முன்பே "தண்ணி என்னா?" என்று கேட்டுவிடுவார்கள் அல்லவா, அந்தக் கேள்விக்கு நால்வர் பதில் சொன்னால் இரண்டு தே தாரிக், இரண்டு மைலோ ஐஸ் என்று இன்னும் 12 வெள்ளி போய்விடும். வீட்டில் சோற்றோடு மைலோ குடித்ததாக எனக்கு நினைவே இல்லை. கடைக்குப் போனால் மட்டும் பிள்ளைகளுக்கு அது இல்லாமல் சோறு இறங்குவதில்லை.

ஆக உங்கள் குடும்பத்துக்கு ஓர் இரவு 52 வெள்ளி என்று வைத்துக்கொண்டால், வாரத்தில் நான்கு இரவுகளுக்கு 208 வெள்ளி, மாதத்துக்கு ஏறத்தாழ 900 வெள்ளி. அதே பதினாறு தட்டை வீட்டில் போட்டால் வாரத்துக்கு 67 வெள்ளி, மாதத்துக்கு 290 வெள்ளி. குளிர்சாதன வசதியுள்ள பெரிய உணவகமாக இருந்தால் வித்தியாசம் இன்னும் விரியும். ஆண்டு விற்பனை 15 லட்சம் வெள்ளியைத் தாண்டும் உணவகங்கள் 6 விழுக்காடு சேவை வரியை வசூலித்தாக வேண்டும்; 2024 மார்ச்சில் பல சேவைகளுக்கு அது 8 விழுக்காடாக உயர்ந்தபோதும் உணவுக்கும் பானத்துக்கும் 6 விழுக்காடாகவே விடப்பட்டது. சில இடங்களில் இதற்கு மேல் 10 விழுக்காடு சேவைக் கட்டணமும் வரும். இந்த இரண்டாவது தொகை அரசாங்கத்துக்குப் போவதன்று, கடையே வைத்துக்கொள்வது என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. இரண்டும் உள்ள இடத்தில் 80 வெள்ளிக்குச் சாப்பிட்டால், ஏறத்தாழ 13 வெள்ளி கூடுதலாகக் கொடுத்துவிட்டு எழுந்திருப்பீர்கள்.

இனி, கணவர் சொன்ன நேரக் கணக்கு. 2025 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த 1,700 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளத்தின்படி ஒரு மணி நேர வேலைக்கு 8 வெள்ளி 17 சென். ஒரு தடவை சமைத்ததை இரண்டு இரவுக்கு வைத்துக்கொண்டு, வாரத்தில் இரண்டு தடவை, தடவைக்கு ஒன்றரை மணி நேரம் அடுப்படியில் நின்றால், அந்த உழைப்பின் விலை மாதத்துக்கு 106 வெள்ளி. அதைக் கூட்டிய பிறகும் வீட்டுச் சமையல் 400 வெள்ளியைத் தாண்டவில்லை. வேலை முடிந்த நேரத்தில் ஜாலான் ஈப்போ நெரிசலில் ஊர்ந்து, வண்டி நிறுத்த இடம் தேடி, சாப்பாடு வரக் காத்திருந்து, வீடு திரும்பும் ஒன்றரை மணி நேரத்தை மட்டும் அவர் இலவசமாக விட்டுவிட்டதையும் கவனியுங்கள். ஆனால் "உன் நேரம்" என்று அவர் சொல்லியிருப்பதை நீங்கள் எழுதிய விதத்திலேயே படித்தேன். அடுப்படியில் நிற்கும் அந்த ஒன்றரை மணி நேரம் முழுவதும் உங்கள் தலையில் மட்டும் விழும் என்றால், மாதம் 500 வெள்ளி மிச்சம் என்ற என் கணக்கை நீங்கள் ஏற்கவேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. வெங்காயம் உரிக்கவும் கோழி கழுவவும் பாத்திரம் தேய்க்கவும் அவருக்கும் கைகள் இருக்கின்றன. முதலில் அதைப் பேசி முடியுங்கள்.

இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள். சனிக்கிழமை சந்தைக்குப் போய் ஒரு வாரத்துக்கு வாங்கிவிட்டு, அசதியில் நான்கு நாள் வெளியில் சாப்பிடுகிறீர்களா? அப்படியென்றால் ஒரே சாப்பாட்டுக்கு இரண்டு தடவை காசு கொடுக்கிறீர்கள். என் வீட்டுக் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் கறுத்துக் கொழகொழத்துப் போன மல்லித்தழைக் கட்டை நான் எடுத்து எறியாத மாதமே இருந்ததில்லை. கணவர் "இரண்டும் ஒன்றுதான்" என்பது உங்கள் வீட்டில் உண்மையாக இருக்குமானால், காரணம் இதுவாகத்தான் இருக்கும். ஒரு மாதத்துக்குக் கடை ரசீதுகளை ஓர் உறையில் போட்டு வையுங்கள். எறிந்த பொருள்களை அந்த உறையின் மேலேயே எழுதுங்கள். வெளியில் சாப்பிடும் நாள்களைச் சனிக்கிழமையே முடிவு செய்துவிட்டு, மீதி நாள்களுக்கு மட்டும் காய்கறி வாங்குங்கள்.

கேள்வி: நான் சுங்கை சிப்புட்டிலிருந்து வேலைக்காகத் தலைநகருக்கு வந்தவன். வாடகை அறையில் தனியாக இருக்கிறேன். வீட்டுக்காரர் சோறு வடிக்கும் மின்பானையைத் தவிர வேறு சமையலுக்கு அனுமதிப்பதில்லை. எனக்கும் வீட்டுச் சமையல் இலாபமா?
– வாசகர், பிரிக்பீல்ட்ஸ்

பதில்: தம்பி, மேலே சொன்ன கணக்கை அப்படியே உங்களுக்குப் பொருத்திப் பார்த்துவிடாதீர்கள். நான்கு பேருக்குச் சமைக்கும்போது ஒரு பொட்டலம் தேங்காய்ப்பால் ஒரே நாளில் தீர்ந்துவிடுகிறது. தனி ஆளுக்குப் பாதி பொட்டலம் புளித்துப் போகிறது. இரண்டு ரொட்டி சானாய் 4 வெள்ளிக்குக் கிடைக்கும் ஊரில், மாவைப் பிசைந்து, உருண்டை பிடித்து, எண்ணெயில் ஊறப் போட்டு, மறுநாள் காலை வீசிப் பார்ப்பேன் என்று எவராவது சொன்னால் அவருக்கு நேரமும் பொறுமையும் அளவுக்கு மீறி இருக்கின்றன என்றுதான் பொருள். பசியாறலைக் கடைக்கே விட்டுவிடுங்கள்.

இரவுச் சாப்பாட்டுக்கு அந்த மின்பானையே போதும். நூறு கிராம் அரிசியோடு ஒரு கைப்பிடி மைசூர்ப் பருப்பு, இரண்டு பல் பூண்டு, மஞ்சள்தூள், உப்பு சேர்த்து வைத்து, மேல் தட்டில் இரண்டு முட்டையை ஓட்டோடு அவித்துக்கொண்டால் 2 வெள்ளியைச் சுற்றித்தான் ஆகும். கூடவே ஊறுகாய் இருந்தால், சுங்கை சிப்புட்டில் அம்மா கையால் சாப்பிட்டதை நினைத்து ஏங்காமல் இரண்டு வாய் அதிகமாகவே சாப்பிடலாம். ஆனால் மிஞ்சிய சோற்றை இரவு முழுவதும் பானையிலேயே வெறுமனே விட்டுவைக்காதீர்கள். பேசிலஸ் சீரியஸ் என்ற நுண்ணுயிரின் வித்துகள் சோறு வெந்த பிறகும் சாவதில்லை; அறைச் சூட்டில் கிடக்கும் சோற்றில் அவை பெருகி உண்டாக்கும் நஞ்சு, மறுநாள் சூடுபடுத்தினாலும் போகாது. ஆவி அடங்கியதும் குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள்.

மதியச் சாப்பாட்டுக்கு, 2023 ஜனவரி இறுதியில் உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சு தொடக்கிய 'மெனு ரஹ்மா' என்ற மலிவு விலைச் சாப்பாடு 5 வெள்ளிக்கு மேல் போகாது. உங்கள் வேலையிடத்துக்கு அருகில் எந்தக் கடை அதைத் தருகிறது என்று விசாரித்து வையுங்கள். கைப்பேசிச் செயலியில் வரவழைத்துச் சாப்பிடும் பழக்கத்தை மட்டும் எப்பாடு பட்டாவது விட்டுவிடுங்கள். கடைப் பலகையில் ஒரு விலையும் செயலியில் அதைவிடக் கூடுதலான விலையும் இருப்பதை நானே பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறேன். அதன் மேல் கொண்டுவரும் கூலி வேறு.

கேள்வி: அரிசித் தட்டுப்பாடு வந்தபோது எங்கள் வட்டாரக் கடையில் ஒரு தட்டுச் சோற்றுக்கு 50 சென் ஏற்றினார்கள். அரிசி விலை இறங்கிய பிறகும் அதைக் குறைக்கவில்லை. இது நியாயமா? இதற்குப் பயந்தே வீட்டில் சமைக்கத் தொடங்கிவிட்டோம்.
– வாசகர், கெப்போங்

பதில்: 2023 ஜூலையில் பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதிக்கு இந்தியா தடை விதித்தது. அவ்வாண்டு செப்டம்பர் முதல் தேதி, நாட்டின் அரிசி இறக்குமதியைக் கையாளும் பெர்னாஸ் நிறுவனம் இறக்குமதி வெள்ளை அரிசியின் விலையை டன்னுக்கு 2,350 வெள்ளியிலிருந்து 3,200 வெள்ளியாக உயர்த்தியது. உள்ளூர் அரிசி 10 கிலோ 26 வெள்ளி என்ற கட்டுப்பாட்டு விலையிலேயே இருந்ததால், எல்லாரும் அதன் மேல் பாய, கடைத் தட்டுகள் காலியாகிக் கிடந்தது நினைவிருக்கும். இப்போது வகுத்துப் பாருங்கள். டன்னுக்கு 850 வெள்ளி ஏற்றம் என்றால் கிலோவுக்கு 85 சென். ஒரு தட்டுக்கு நூறு கிராம் அரிசி என்றால் எட்டரை சென். தாராளமாக நூற்றைம்பது கிராம் போட்டாலும் 13 சென்தான். உங்கள் கடைக்காரர் ஏற்றியதோ 50 சென்.

இதை மட்டும் வைத்து அவரைக் கொள்ளைக்காரர் என்று சொல்லிவிடவும் என்னால் முடியவில்லை. அதே ஆண்டு நவம்பர் முதல் தேதி கோழிக்கான உதவித்தொகையும் விலைக்கட்டுப்பாடும் நீங்கின. பிறகு குறைந்தபட்சச் சம்பளம் 1,500 வெள்ளியிலிருந்து 1,700 வெள்ளியானது. கடை வாடகை எந்தக் காலத்திலும் இறங்கியதில்லை. தட்டுப்பாடு வந்த நாளில் அரிசியின் பெயரைச் சொல்லி எல்லாவற்றுக்கும் சேர்த்து ஏற்றினார் என்பதே சரியாக இருக்கும். காரணம் சொல்லாமல் ஏற்றினால் வாடிக்கையாளர் முகம் சுளிப்பார் அல்லவா? 2024 செப்டம்பரில் இந்தியா தடையை நீக்கிய பிறகு விலையைக் குறைத்த சாப்பாட்டுக் கடை ஒன்றையும் நான் பார்க்கவில்லை.

நீங்கள் முழுச் சமையலுக்கு மாறியிருக்கிறீர்கள். அது முடியாத நாள்களில் சோற்றை மட்டும் வீட்டில் வடித்துக்கொண்டு கறியைக் கட்டி வாங்கி வாருங்கள். கடையில் 2 வெள்ளி கொடுக்கும் வெறுஞ்சோறு, வீட்டில் 40 சென்னுக்கு ஆகிவிடும். நால்வருக்கு 6 வெள்ளிக்கு மேல் மிச்சம். கடையில் பானத்துக்கு ஆகும் செலவும் தானாக நின்றுவிடும்.

கேள்வி: ஓய்வுபெற்ற ஆசிரியன் நான். வாரம் ஒரு முறை நாசி கண்டார் சாப்பிடுவது என் பழக்கம். "அந்தக் காசில் வீட்டில் இரண்டு நாள் சமைக்கலாம்" என்று என் துணைவியார் தடுக்கிறார். மேலும், ஒரே மாதிரி எடுத்தாலும் ஒவ்வொரு முறையும் ஒரு விலை சொல்கிறார்கள்.
– வாசகர், ஜார்ஜ்டவுன், பினாங்கு

பதில்: ஐயா, துணைவியாரின் கணக்கு சரி, ஆனாலும் நான் உங்கள் பக்கம். தோளில் காவடித் தடி போட்டு இரண்டு பக்கமும் கூடை தொங்கவிட்டு நம் தமிழ் முஸ்லிம் வணிகர்கள் துறைமுகத்துத் தொழிலாளர்களுக்கு விற்ற சாப்பாடு அது. கோழிக் குழம்பு, மீன் குழம்பு, மாட்டிறைச்சிக் குழம்பு, பருப்பு என்று நாலைந்தை ஒரே சோற்றின் மேல் வெள்ளமாக ஊற்றிக் கலக்கும்போது வரும் ருசிக்காகத்தானே போகிறீர்கள்? அதை வீட்டில் கொண்டுவர வேண்டுமானால் இரண்டு பேருக்காக நான்கு சட்டி ஏற்ற வேண்டும். அன்றைக்கு உங்கள் துணைவியாரே உங்களைக் கடைக்கு அனுப்பிவைப்பார்.

விலைக்கு மட்டும் ஒரு யோசனை. விலையைக் காட்சிக்கு வைப்பது கடைக்காரரின் சட்டப்படியான கடமை. எனினும் கணவாய், பெரிய இறால், மீன் முட்டை ஆகியவற்றின் அளவு ஒவ்வொரு நாளும் மாறுவதால் விலையும் அங்கேதான் ஏறி இறங்குகிறது. கரண்டி அந்தச் சட்டிக்குப் போகும் முன்பே "அண்ணே, இது எவ்வளவு?" என்று கேட்டுவிடுங்கள். வரிசையில் பின்னால் நிற்பவர் முணுமுணுத்தால் திரும்பிப் பார்க்க வேண்டாம். அவருக்கும் அந்த விலையைத் தெரிந்துகொள்ளும் ஆசை இருக்கும்.