கேனனிலிருந்து சோனிக்கு மாறியவருக்கு: குறை கேமராவிலா, கைப்பழக்கத்திலா?

கேள்வி: பத்து வருடமாகக் கல்யாண போட்டோ எடுக்கிறேன். கேனன் 5டி மார்க் 3, 24-70, 70-200 என்று எஃப் 2.8 லென்ஸ் இரண்டு, 600இஎக்ஸ் பிளாஷ் இரண்டு வைத்திருக்கிறேன். போன வாரம் சோனி ஏ7 மார்க் 4 பாடியும், கேனன் லென்ஸ்களை அதில் மாட்ட ஒரு அடாப்டரும் வாங்கினேன். கையில் பிடித்தால் பொம்மை மாதிரி இருக்கிறது. முகமெல்லாம் மஞ்சளடிக்கிறது. ஸ்டுடியோவில் வியூஃபைண்டர் இருட்டாகிவிடுகிறது. பழைய பிளாஷ் சரியாக வேலை செய்யவில்லை. இன்னும் மூன்று வாரத்தில் ஒரு முகூர்த்தம் இருக்கிறது. தப்பு பண்ணிவிட்டேனா? பழைய செட்டை விற்றுவிடலாமா?

பதில்: விற்கிற பேச்சை இப்போதைக்கு எடுக்காதீர்கள். ஒரு முகூர்த்த சீசன் முழுக்க முடியட்டும். நீங்கள் சொன்ன நான்கு குறைகளில் ஒன்று கைப்பழக்கம், இரண்டு செட்டிங். பிளாஷ் ஒன்றுதான் உண்மையான வித்தியாசம், அதற்குச் செலவு உண்டு. நீங்கள் சொல்லாமல் விட்ட ஐந்தாவது ஒன்றும் இருக்கிறது: அந்த அடாப்டர்.

வியூஃபைண்டரிலிருந்து தொடங்கலாம், அது இரண்டு நிமிட வேலை. 5டி-யில் நீங்கள் பார்த்தது கண்ணாடி வழியாக வந்த நிஜ வெளிச்சம். ஏ7-இல் பார்ப்பது சென்சார் காட்டும் படம். ஐஎஸ்ஓ 100, எஃப் 8, 1/200 என்று ஸ்டுடியோ கணக்கில் வைத்தால், பிளாஷ் அடிக்காவிட்டால் படம் எப்படி வருமோ அதையே காட்டும். அது கறுப்பாகத்தான் இருக்கும். மெனுவில் ‘லைவ் வியூ டிஸ்ப்ளே’ என்ற இடத்தில் செட்டிங் எஃபெக்டை ஆஃப் செய்யுங்கள், வெளிச்சம் வந்துவிடும். அதை ‘மை மெனு’வில் முதல் வரியாகப் போட்டுக்கொள்ளுங்கள். பிளாஷ் இல்லாமல் எடுக்கும்போது மறக்காமல் ஆன் செய்ய வேண்டும். மறந்தால் வியூஃபைண்டரில் எல்லாம் பளிச்சென்று தெரியும், கம்ப்யூட்டரில் போட்டுப் பார்க்கும்போதுதான் படம் இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதி) இருட்டு என்று புரியும்.

இதோடு ஒட்டிய இன்னொரு சங்கதி. மேடையில் குடும்ப குரூப் போட்டோவுக்கு எஃப் 8 வைப்பீர்கள். டிஎஸ்எல்ஆர், அதாவது உங்கள் 5டி போன்ற கண்ணாடி கேமரா, லென்ஸை முழுக்கத் திறந்து வைத்துக்கொண்டு ஃபோகஸ் செய்து, ஷட்டர் அடிக்கும் கணத்தில்தான் மூடும். சோனி பெரும்பாலும் நீங்கள் வைத்த அப்பர்ச்சரிலேயே ஃபோகஸ் தேடும். அரங்கு மங்கலாக இருந்தால் முன்னும் பின்னும் அலையும். ‘அப்பர்ச்சர் டிரைவ் இன் ஏஎஃப்’ என்பதை ஃபோகஸ் பிரையாரிட்டிக்கு மாற்றினால் பெருமளவு சரியாகும். பழைய பிளாஷின் முன்பக்கத்திலிருந்து வரும் சிவப்புக் கோடுகள் கண்ணாடி கேமராவின் ஃபோகஸ் சென்சாருக்கென்று செய்தவை, இதற்கு உதவாது.

அடுத்தது நிறம். ரா ஃபைலில் (கேமரா நிறம் சேர்க்காத மூலத் தரவு) எடுப்பவருக்குக் கேமராவின் நிறம் என்று தனியாக ஒன்று கிடையாது என்றே சொல்லலாம். எடிட்டிங் மென்பொருளான லைட்ரூம் எந்த புரொஃபைலைப் போடுகிறதோ, உங்கள் எடிட்டர் எந்தப் பிரீசெட்டை (சேமித்து வைத்த திருத்தங்கள்) போடுகிறாரோ, அதுதான் நிறம். பத்து வருடமாகக் கேனன் ஃபைலுக்கென்று தேய்த்து வைத்த பிரீசெட்டை அப்படியே சோனி ஃபைல் மீது போட்டால் மஞ்சளும் பச்சையும் தூக்கத்தான் செய்யும். அந்தப் பிரீசெட்டை ஒதுக்கிவிட்டு, 24 கட்டம் உள்ள ஒரு கலர் செக்கர் அட்டையை இரண்டு கேமராவிலும் ஒரே வெளிச்சத்தில் எடுத்து, இரண்டுக்கும் தனித்தனி புரொஃபைல் செய்யுங்கள். ஒரு மாலை நேர வேலைதான். ஜேபெக் எடுத்துக் கொடுப்பதாக இருந்தால், ஆட்டோ ஒயிட் பேலன்ஸுக்குள் ஸ்டாண்டர்டு, ஆம்பியன்ஸ், ஒயிட் என்று மூன்று இருக்கும். மண்டபத்து மஞ்சள் விளக்கில் ‘ஒயிட்’ வைத்துப் பாருங்கள்.

உங்கள் உதவியாளர் கையில் கேனனும் உங்கள் கையில் சோனியுமாக ஒரே கல்யாணத்தை எடுக்கும் நாளில், இரண்டிலும் ஆட்டோ ஒயிட் பேலன்ஸை விட்டுவிட்டுக் கெல்வின் எண் (வெளிச்சத்தின் நிறத்தைக் குறிக்கும் எண்) வையுங்கள். 4300 என்று இரண்டிலும் வைத்தாலும் படம் ஒன்றுபோல வராது. ஆனால் வித்தியாசம் எல்லாப் படத்திலும் ஒரே அளவில் இருக்கும். ஒரு படத்தைத் திருத்தி மற்றவற்றுக்கு சிங்க் கொடுத்துவிடலாம். ஆட்டோவில் விட்டால் படத்துக்குப் படம் மாறும், ஆல்பம் செய்பவர் உங்களைத் திட்டுவார்.

சிவப்புப் பட்டில் மட்டும் கவனம் தேவை. எடுக்கும்போது சோனி காட்டும் ஹிஸ்டோகிராம் (வெளிச்சம் எப்படிப் பரவியிருக்கிறது என்று காட்டும் வரைபடம்) மொத்த வெளிச்சத்தின் கணக்கு. கூறைப்புடவையின் சிவப்பு மட்டும் தனியே வெடித்துப்போனாலும் அது சொல்லாது. எடுத்த படத்தைத் திருப்பிப் பார்க்கும் திரையில்தான் மூன்று நிறத்துக்கும் தனி ஹிஸ்டோகிராம் உண்டு. முதல் ஐந்து படத்தில் அதைப் பார்த்து, தேவைப்பட்டால் அரை ஸ்டாப் குறைத்து எடுங்கள். நிழலை அப்புறம் தூக்கிக்கொள்ளலாம். 5டி மார்க் 3-இல் நிழலைத் தூக்கினால் கோடுகோடாக இரைச்சல் வரும் என்று பயந்தே நீங்கள் கொஞ்சம் கூடுதலாக எக்ஸ்போஸ் செய்யப் பழகியிருப்பீர்கள். இந்த சென்சாரில் அந்தப் பயம் வேண்டாம். வெளிச்சம் மிஞ்சும் இடத்தில் வரி காட்டும் ஜீப்ராவை 100 பிளஸ்ஸில் வைத்து, அந்த வரிகள் ஜரிகையில் மட்டும் ஓடுமாறு பார்த்துக்கொண்டால் போதும்.

பிளாஷுக்கு வருவோம். கேனன் பிளாஷை சோனியின் மேல் செருகினால் நடுப்புள்ளி ஒன்றுதான் தொடும். அடிக்கும், ஆனால் டிடிஎல் (கேமராவே பிளாஷ் பவரை அளந்து வைப்பது) கிடையாது, ஹைஸ்பீட் சிங்க் (1/250-ஐவிட வேகமான ஷட்டரிலும் பிளாஷ் அடிப்பது) கிடையாது. மேனுவலில் 1/16, 1/8 என்று நீங்களே பவர் வைத்து, ஷட்டர் 1/250-க்கு மேல் போகாமல் எடுக்கலாம். சைலன்ட் ஷட்டரில் எந்த பிளாஷும் அடிக்காது. பல பேர் இதைத்தான் ரிப்பேர் என்று நினைத்துக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். ஆகவே 600இஎக்ஸ் இரண்டும் கேனன் பாடியோடு உதவியாளர் கையில் இருக்கட்டும். உங்களுக்கு சோனிக்கான பிளாஷ் ஒன்றும், பிளாஷைத் தூரத்திலிருந்து அடிக்க வைக்கும், சோனிக்கான டிரிகர் ஒன்றும் வேண்டும். கோடாக்ஸ் என்ற பிராண்டு பக்கம் போனால் ஒரு வசதி உண்டு: கேமரா மேல் உட்காரும் டிரிகர் மட்டும் சோனிக்கானதாக இருந்தால் போதும், ஸ்டாண்டில் நிற்கும் கோடாக்ஸ் பிளாஷ் கேனனுக்கு வாங்கியதாக இருந்தாலும் டிடிஎல், ஹைஸ்பீட் இரண்டுக்கும் இணங்கும். உங்கள் ஊர் நண்பர்களிடம் இரவல் கேட்கும்போது இது தெரிந்திருந்தால் நல்லது.

இப்போது அடாப்டர். கேனன் ஈஎஃப் மவுண்டில் லென்ஸின் தளத்துக்கும் சென்சாருக்கும் உள்ள தூரம் 44 மி.மீ., சோனி இ மவுண்டில் 18 மி.மீ. நடுவில் உள்ள 26 மி.மீ.தான் நீங்கள் வாங்கிய வளையம். அதில் லென்ஸ் கண்ணாடி எதுவும் இல்லை, படத்தின் தரம் குறையாது. சிக்கல் மொழிபெயர்ப்பில்தான். சோனி சொல்வதைக் கேனன் லென்ஸ் புரிந்துகொள்ளும்படி அந்த வளையத்துக்குள் ஒரு சின்ன சிப் உட்கார்ந்திருக்கிறது. நின்ற இடத்தில் எடுக்கும் போர்ட்ரெயிட்டுக்கும் மேடை போட்டோவுக்கும் 24-70 தாராளமாகப் போதும். மாப்பிள்ளை அழைப்பில் நடந்து வருபவரைத் தொடர்ந்து எடுப்பது, குறைந்த வெளிச்சத்தில் 70-200, வீடியோவில் ஆட்டோ ஃபோகஸ், இந்த மூன்றிலும் தடுமாறும். தாலி கட்டும் நேரத்துக்கு அடாப்டரை நம்பாதீர்கள். சோனிக்கென்றே செய்த லென்ஸ் ஒன்று கட்டாயம் வேண்டும். டாம்ரான் 28-75 எஃப் 2.8 போல ஒன்றை வாடகைக்கு எடுத்தாலும் சரி.

ஃபோகஸ்தான் நீங்கள் இந்த மாற்றத்துக்குப் பெற்ற கூலி. 5டி-யில் 61 புள்ளிகளும் நடுப்பகுதியில் குவிந்திருந்தன, லென்ஸுக்கு லென்ஸ் மைக்ரோ அட்ஜஸ்ட்மென்ட் (ஃபோகஸ் முன்பின் விழுவதைத் திருத்துவது) பார்க்க வேண்டியிருந்தது. இங்கே சென்சாரிலேயே ஃபோகஸ் பார்ப்பதால் அந்த வேலை கிடையாது, கண்ணைப் பிடித்தால் ஓரத்திலும் விடாது. ஆனால் ‘வைட்’ ஏரியாவில் வைத்துக்கொண்டு மணமேடைக்குப் போனால் அது தனக்குப் பிடித்த முகத்தைப் பிடித்துக்கொள்ளும். பெரும்பாலும் அது சாஸ்திரிகள் முகம், இல்லாவிட்டால் குறுக்கே நிற்கும் வீடியோகிராபர். ஏஎஃப்-சி (நகர்பவரைத் தொடரும் ஃபோகஸ்), டிராக்கிங் எக்ஸ்பேண்ட் ஸ்பாட், ஹியூமன் கண் என்று வையுங்கள். சின்னக் கட்டத்தை மணமகள் மேல் வைத்து அழுத்தினால், கட்டத்தை விட்டு அவர் நகர்ந்தாலும் கூடவே போகும். ஏஐ சர்வோ என்று உங்களுக்குப் பழகியதுதான் இங்கே ஏஎஃப்-சி. பின்பக்கப் பொத்தானை அழுத்தி ஃபோகஸ் செய்யும் பழக்கம் இருந்தால் ‘ஏஎஃப் வித் ஷட்டர்’ என்பதை ஆஃப் செய்துவிடுங்கள்.

சைலன்ட் ஷட்டரை மண்டபத்தில் தொடவே தொடாதீர்கள். இந்த சென்சார் படத்தை வரிவரியாக, மெதுவாகப் படிக்கிறது. எல்இடி திரையும் எல்இடி விளக்கும் உள்ள மேடையில் படம் முழுக்கப் பட்டைபட்டையாக விழும், அதை எந்த எடிட்டராலும் எடுக்க முடியாது. கெட்டிமேளம் முழங்கும் இடத்தில் ஷட்டர் சத்தத்தை யார் கேட்கப் போகிறார்கள்? மெக்கானிக்கல் ஷட்டரில், விளக்கின் துடிப்பைச் சமாளிக்கும் ஆன்டி ஃபிளிக்கரையும் ஆன் செய்துகொள்ளுங்கள். நம் கரன்ட் 50 ஹெர்ட்ஸ் என்பதால் வீடியோவை பால் (PAL) முறையில், 25 ஃபிரேமில், 1/50 ஷட்டரில் எடுங்கள்.

பொம்மை மாதிரி இருப்பது உண்மைதான். பேட்டரியோடு 5டி மார்க் 3 சுமார் 950 கிராம், இது 658 கிராம். அதில் ஒன்றரைக் கிலோ 70-200-ஐயும் 26 மி.மீ. வளையத்தையும் மாட்டினால் மூக்கு கீழே இழுக்கும். எடையை இடது உள்ளங்கையில் லென்ஸுக்கடியில் தாங்குங்கள், வலது கை பொத்தானுக்கு மட்டும். சுண்டுவிரல் தொங்கினால் வெர்ட்டிக்கல் கிரிப் போடலாம். லென்ஸ் கழற்றும் பொத்தான் இதில் கிரிப் பக்கம் இருக்கிறது, கேனனில் எதிர்ப்பக்கம். அவசரத்தில் இடது கட்டைவிரல் தேடும், அப்போதுதான் லென்ஸ் கீழே விழும். சோனி லென்ஸின் ஜூம் வளையமும் கேனனுக்கு நேரெதிராகச் சுழலும். அதை மெனுவில் மாற்ற வழி இல்லை, கைதான் மாற வேண்டும். தினமும் அரைமணி நேரம் தெருவில் போகிற வண்டிகளை 70-லிருந்து 28-க்கும் திரும்பவும் பிடித்துப் பழகுங்கள், பத்து நாளில் வந்துவிடும். டயல் திசையை மட்டும் மெனுவில் திருப்பிக்கொள்ளலாம்.

கண்ணாடி இல்லாததால் லென்ஸ் மாற்றும்போது சென்சார் திறந்து கிடக்கும், ஹோமப் புகையும் அட்சதைத் தூளும் நேராக உள்ளே போகும். பவர் ஆஃப் செய்தால் ஷட்டர் மூடிக்கொள்ளும்படி ஒரு செட்டிங் உண்டு, அதை ஆன் செய்து, ஆஃப் செய்த பிறகே லென்ஸை மாற்றுங்கள். மூடிய ஷட்டர் திரையில் விரல் படக்கூடாது.

கடைசியாக, பணத்தோடு சம்பந்தப்பட்ட ஒன்று. கேனனில் போட்டோவும் வீடியோவும் டிசிஐஎம் ஃபோல்டரில் ஒன்றாக இருந்தன. சோனியில் போட்டோதான் அங்கே. வீடியோ ‘பிரைவேட்’ ஃபோல்டருக்குள் ‘எம்4ரூட்’, அதற்குள் ‘கிளிப்’ என்ற இடத்தில் இருக்கும். பழக்கதோஷத்தில் டிசிஐஎம்-ஐ மட்டும் காப்பி செய்து கார்டை ஃபார்மட் அடித்தால் முகூர்த்த வீடியோ போய்விடும். கார்டை முழுசாகக் காப்பி செய்யுங்கள். ஒரு கேமராவின் கார்டை இன்னொன்றில் போடாதீர்கள், போட்டால் அந்தக் கேமராவிலேயே ஃபார்மட் செய்து தொடங்குங்கள். இரண்டு ஸ்லாட்டிலும் கார்டு போட்டு ஒரே நேரத்தில் பதியும்படி வையுங்கள். ரா ஃபைலைத் தரம் இழக்காமல் சுருக்கும் லாஸ்லெஸ் கம்ப்ரெஸ்டில் வைத்தால் இடமும் தரமும் ஒத்துப்போகும். அதில் தொடர் வேகம் நொடிக்கு 10 படத்திலிருந்து ஏறக்குறைய பாதியாகும், கல்யாணத்துக்கு அது தாராளம்.

வியூஃபைண்டரில் பார்த்து எடுத்தால் ஒரு பேட்டரிக்குச் சோனி சொல்லும் கணக்கு 520 படம், 5டி-யில் 950. முகூர்த்தத்துக்கு முந்தின இரவு மூன்று பேட்டரியை முழுக்கச் சார்ஜ் செய்து, இரண்டு கேமராவின் கடிகாரத்தையும் நொடி பிசகாமல் ஒன்றாக வையுங்கள். வெயிலில் வீடியோ எடுத்தால் தானாக அணையாமலிருக்க ‘ஆட்டோ பவர் ஆஃப் டெம்பரேச்சர்’ ஹையில் இருக்கட்டும். தாலி கட்டும்போது சோனி உங்கள் கையில், 70-200 மாட்டிய 5டி உதவியாளர் கையில்.