மூளையைத் திறக்க 24,000 ரூபாய்

கேள்வி: என் மகன் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். கணக்கு மட்டும் வரவே மாட்டேன் என்கிறது. மனிதன் தன் மூளையில் பத்து சதவீதத்தைத்தான் பயன்படுத்துகிறான், மீதியைத் திறந்துவிட்டால் எல்லாப் பாடமும் தானாக வரும் என்று தஞ்சாவூரில் ஒரு பயிற்சி மையத்தில் சொல்கிறார்கள். அங்கே பிள்ளைகள் கண்ணைக் கட்டிக்கொண்டு புத்தகம் படிப்பதை நேரில் பார்த்தேன். கட்டணம் 24,000 ரூபாய். போன ஐப்பசியில் மாமனாருக்குப் பக்கவாதம் வந்து வலக்கையும் பேச்சும் போய்விட்டன. எதைக் கேட்டாலும் ‘சரி சரி’ என்று மட்டும் சொல்கிறார். மூன்று மாதம் பேச்சுப் பயிற்சிக்கு அழைத்துப் போனோம். பெரிய பலன் இல்லை என்று நிறுத்தியதில் கையில் கொஞ்சம் பணம் இருக்கிறது. மீதிக்குத் தோட்டை அடகு வைக்கலாம். கணவர் தயங்குகிறார். மகனைச் சேர்க்கலாமா?
– பெயர் வேண்டாம், திருவையாறு வட்டம்

பதில்: சேர்க்காதீர்கள்.

இந்தக் கடிதம் எனக்குப் புதிதல்ல. மன்னார்குடியிலிருந்து வரும், சீர்காழியிலிருந்து வரும். கட்டணம் மட்டும்தான் மாறும். உங்கள் கடிதத்தில் புதிதாக இருந்தது மாமனாரைப் பற்றிய நாலு வரி. பணம் எங்கிருந்து வருகிறது என்று சொல்வதற்காகத்தான் அவரை எழுதினீர்கள். நான் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

மூளையில் பத்தில் ஒன்பது பங்கு சும்மா கிடக்கிறது என்றால், பக்கவாதம் வந்தவர்களில் பெரும்பாலோர் மறுநாள் எழுந்து வயலுக்குப் போயிருக்க வேண்டும். உங்கள் வீட்டில் என்ன நடந்தது? மூளையின் இடப்பக்கத்தில் சிறிதளவு இடத்துக்கு ரத்த ஓட்டம் கெட்டது. ஆயுள் முழுக்கப் பேசிய மனிதருக்கு ஒரு சொல் மிஞ்சியது. 1861-இல் பாரிஸில் பால் புரோக்கா என்ற மருத்துவர் இப்படி ஒருவரைப் பார்த்தார். எதைக் கேட்டாலும் அந்த நோயாளி ‘டான்’ என்ற ஒலியைத்தான் எழுப்புவார். அவர் இறந்தபின் பார்த்தபோது, மூளையின் முன்பகுதியில், இடப்பக்கத்தில் சேதம் தெரிந்தது. அந்த இடத்துக்கு இன்றைக்கும் புரோக்கா பகுதி என்றுதான் பெயர். பத்து சதவீதக் கதையைப் பொய்யாக்குகிற சாட்சி உங்கள் திண்ணையிலேயே உட்கார்ந்திருக்க, நீங்கள் தஞ்சாவூருக்குப் போய் விளம்பரத் தாள் வாங்கி வந்திருக்கிறீர்கள்.

மூளையின் எடை ஏறக்குறைய 1.4 கிலோ. உடம்பில் 2 சதவீதம். ஆனால் நாம் சாப்பிட்டுச் சேர்க்கும் சக்தியில் 20 சதவீதத்தை அதுவே எடுத்துக்கொள்கிறது, தூங்கும்போதும். வேலை செய்யாத ஒன்றுக்கு எந்த உடம்பும் இவ்வளவு படியளக்காது. எல்லாப் பகுதியும் ஒரே நொடியில் முழு வேகத்தில் இயங்குவதில்லை என்பது உண்மை. நம் வாய்க்கால்களில் முறை வைத்துத் தண்ணீர் விடுவதில்லையா? இன்றைக்கு முறை இல்லாத வயலைத் தரிசு என்று யாராவது சொல்வார்களா? மூளைச் செல்கள் கட்டுப்பாடின்றிக் கூட்டமாக ஒரே நேரத்தில் கிளம்பினால் அதற்குப் பெயர் வலிப்பு. அதையா 24,000 கொடுத்து வாங்கப் போகிறீர்கள்?

ஐன்ஸ்டைன் சொன்னார் என்று அந்தத் தாளில் அச்சடித்திருப்பார்கள். அவர் சொன்னதற்கு ஆதாரம் இல்லை. வில்லியம் ஜேம்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1900-களின் தொடக்கத்தில், மனிதன் தன் ஆற்றலில் சிறு பங்கைத்தான் பயன்படுத்துகிறான் என்று பொதுவாகச் சொன்னார். சதவீதக் கணக்கு அவர் போட்டதல்ல. 1936-இல் வந்த ஒரு சுயமுன்னேற்ற நூலின் முன்னுரையில் அது பத்து சதவீதமாக அவர் பெயரிலேயே ஏறிக்கொண்டது.

கண்கட்டு வித்தைக்கு வருகிறேன். மூக்கின் இரு பக்கமும் துணி சரியாகப் படியாது. அந்த இடுக்கு வழியாகக் கீழே பார்க்கிறார்கள். புத்தகத்தை நெற்றிக்கு மேலே உயர்த்திப் பிடித்துப் படிக்கச் சொல்லுங்கள், தெரிந்துவிடும். என் கோபம் பணத்தைப் பற்றியது மட்டுமல்ல. அந்தப் பிள்ளை பொய் சொல்லப் பழகுகிறான், பெற்றவர்கள் சுற்றி நின்று கைதட்டுகிறார்கள்.

உங்கள் வீட்டில் உதவி தேவைப்படுகிற மூளை ஒன்றுதான். அதற்குச் செய்துகொண்டிருந்ததை நிறுத்திவிட்டு, ஒரு குறையும் இல்லாத மூளைக்கு அடகுக் கடைக்குப் போகப் பார்க்கிறீர்கள். மூன்று மாதம் போதாதம்மா. முதல் சில மாதங்களில் முன்னேற்றம் வேகமாக இருக்கும். பிறகு மெதுவாக, சிலருக்கு வருடக்கணக்கில் தொடரும். சேதமான பகுதியின் வேலையில் கொஞ்சத்தை மற்றப் பகுதிகள் கற்றுக்கொள்ளும், ஆனால் திரும்பத் திரும்பப் பழக்கினால்தான். ஒரு சொல்கூடப் பேச முடியாத சிலர் பழகிய பாட்டை வார்த்தையோடு பாடிவிடுவார்கள். ஐயாறப்பர் சந்நிதியில் கேட்டுக் கேட்டு ஊறிய தேவாரம் ஏதாவது அவருக்கு இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வரி எடுத்துக் கொடுத்துப் பாருங்கள். செலவுதான் தடை என்றால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சிக்கு விசாரியுங்கள். கைக்கான இயன்முறைப் பயிற்சிக்கு, 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வருகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

பையனைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒன்பதாம் வகுப்புக் கணக்கு வராத பிள்ளைகளில் பலருக்கு ஆறாம் வகுப்புப் பின்னத்திலேயே ஓட்டை இருக்கும். பழைய புத்தகத்தை எடுத்து அங்கிருந்து போடச் சொல்லுங்கள். பத்து மணிக்குமேல் செல்பேசியைப் பிடுங்கி வையுங்கள். படித்தது பதிவதே தூக்கத்தில்தான். மாலையில் அரை மணி நேரம் தாத்தாவிடம் உட்காரட்டும். நம் பழைய நில அளவுக் கணக்கை எடுத்துக்கொள்ளட்டும்: நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி. ஒரு மா என்பது ஏறக்குறைய ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு. இதை அவன் உரக்கச் சொல்லட்டும், தப்பாகவும் சொல்லிப் பார்க்கட்டும். பேச்சு போனதால் புரிதலும் போய்விட்டது என்று நீங்களாக முடிவு கட்டாதீர்கள். அவர் இடக்கையை ஆட்டி மறுத்தால், வாத்தியார் கிடைத்துவிட்டார்.

கணவர் தயங்குகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். தன் அப்பாவின் பயிற்சியை நிறுத்தியபோது தயங்கினாரா என்று எழுதவில்லை. இந்தப் பக்கத்தை அவரிடம் கொடுங்கள். அடுத்த முறை பெரியவரை பஸ் ஏற்றித் தஞ்சாவூருக்கு அழைத்துப் போக வேண்டியது அவர்தான்.