அப்புச்சியிடம் மகன் ஒட்டவில்லையா?
உங்கள் எட்டு வயது மகனை அப்புச்சி (அம்மாவழித் தாத்தா) முன்னால் நிறுத்தி "பேசு, பேசு" என்பதை இன்றே விடுங்கள். சாயங்காலம் இருவரையும் மாடு கட்டும் கட்டுத்தரைக்கு அனுப்புங்கள்.

லீவுக்குக் காங்கேயம் வந்து பத்து நாளாகியும் பெரியவர் முகம் கொடுக்கவில்லை என்கிறீர்கள். பேரன்மேல் பாசம் இல்லாமல் இல்லை. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தால் அவருக்கு வாய் வராது என்றுதான் நினைக்கிறேன்.

ஒன்று செய்து பாருங்கள். "சிவப்பாகப் பிறக்கிற காங்கேயம் கன்று ஆறு மாதத்தில் எப்படிச் சாம்பல் நிறமாகிறது?" என்று பையனையே கேட்கச் சொல்லுங்கள். நாளுக்குப் பத்து வார்த்தை பேசாத என் அப்பா, இதே கேள்விக்கு, துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு என் மகளுக்குக் கன்று மாதிரியே கத்திக் காட்டினார். வாசற்படியில் நின்று சிரித்துச் சிரித்து அழுதுவிட்டேன்.

புதிதாகக் கன்று ஈன்ற பசுவிடம் மட்டும் பையனைத் தனியாக விடாதீர்கள். முட்டிவிடும்.