குமுளியில் மழை

அன்புள்ள அண்ணா,

எனக்கு வயது 36. கம்பத்திலிருந்து தினமும் மலையேறிப் போய், குமுளியில் ஓர் ஏலக்காய்க் கடையில் கணக்கு எழுதுகிறேன். போன வருடம் மதுரையில் மனநல மருத்துவர் எனக்கு ஏடிஹெச்டி (கவனத்தை ஓரிடத்தில் நிறுத்தவும் தன்னைக் கட்டுப்படுத்தவும் சிரமப்படுத்தும் மூளை வளர்ச்சிக் குறைபாடு) என்று உறுதி செய்தார். 'எல்லாருக்கும்தான் மறதி இருக்கு' என்கிறார் மாமியார். 'போனைத் தூக்கிப் போடு, சரியாயிடும்' என்கிறார் கணவர். கடையில் 'அந்தக் காலத்துல இதெல்லாம் ஏது' என்று சிரிக்கிறார்கள். சோம்பலுக்குத்தான் பெயர் வைத்துக்கொண்டேனோ என்று சில நாள் எனக்கே சந்தேகம் வருகிறது.

ம., கம்பம்

அன்புள்ள ம.,

ஜூன் மாதத்தில் நீங்கள் பார்ப்பதுதான். லோயர் கேம்ப் வரை ரோடு காய்ந்து கிடக்கும். மலையேறினால் பஸ் கண்ணாடியில் தண்ணீர் வழியும். கம்பத்தில் இருப்பவருக்குப் போன் போட்டு மழை என்றால், 'இங்க வெயில் அடிக்குதே' என்பார். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் நனைவது நீங்கள்.

அந்தக் காலத்திலும் இது இருந்தது. அறிவில் குறையில்லாமல், ஆனால் தன்னைக் கட்டுப்படுத்த முடியாமல் தவித்த பிள்ளைகளைப் பற்றி 1902-லேயே லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற மருத்துவர் விரிவாகப் பேசியிருக்கிறார். போனும் காரணமில்லை. 12 வயதுக்கு முன்பே அறிகுறிகள் இருந்தனவா என்று பார்த்துத்தான் இதை உறுதி செய்வார்கள். அந்த வயதில் உங்கள் கையில் ஏது போன்?

என் தம்பியை நானே அப்படிப் பேசியிருக்கிறேன். திராட்சைக்கு மருந்தடிக்க ஆள் வந்து நிற்கும்போது மோட்டார் ரூம் சாவியைத் தொலைத்திருப்பான். 'பொறுப்பு இருந்தா மறக்குமா?' என்று கத்துவேன். சட்டைப் பை, கால்சட்டைப் பை எல்லாவற்றையும் வெளியே இழுத்துக் காட்டியபடி நிற்பான். நாற்பது வயதில்தான் மருத்துவரிடம் போனான். அப்புறம் ஒருநாள் சொன்னான்: 'நீ திட்டுறதுக்கு முன்னாடியே நான் என்னைத் திட்டி முடிச்சிருப்பேன்ணே.' உங்கள் சந்தேகமும் அதுதான். அடுத்தவர் பேச்சு உங்கள் குரலில் கேட்கிறது. சோம்பல் என்றால் இத்தனை வருடம் இப்படி வலித்திருக்காது.

கடைக்காரர்களிடம் விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம். மாமியாரிடமும் இப்போதைக்கு வேண்டாம். கணவரை மட்டும் அடுத்த முறை மதுரைக்குக் கூட்டிப் போங்கள். அதுவரை, என்னை நம்புங்கள் என்று அவரிடம் கேட்காமல், சின்னதாக ஒரு வேலை கேளுங்கள். தம்பி என்னிடம் கேட்டது ஓர் ஆணி. மோட்டார் ரூம் நிலைப்படியில், கண் படுகிற உயரத்தில் அடித்துக் கொடுத்தேன். சாவி இப்போது அதில்தான் தொங்குகிறது.